ஊருக்குள் போனாயா என்று கேட்டவர்

மற்றவர்களுக்குச் சாவுச் சேதி வீட்டு வாசலுக்கு வரும். எனக்கு வந்த சேதி பாப்பாரப்பட்டிப் பள்ளிக்கூடத்துக்கு எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் புளியமரத்தடியிலேயே நின்றுவிட்டது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வாய்ப்பாடு ஒப்பிக்க வைத்துக்கொண்டிருந்தேன். நம்மூர் ஆள் ஒருவன் மரத்தடியில் நின்று, இரண்டு கையையும் வாயருகே குவித்து, "வாத்தியாரே, மாதையக் கவுண்டரு போயிட்டாருங்க! நேத்து பொழுது சாயறப்பங்க! கிட்ட வராதீங்க, அங்கயே நில்லுங்க!" என்று கத்தினான். பிள்ளைகள் சிரித்தார்கள். சாவைச் சந்தையில் கத்தரிக்காய் கூவுவதுபோல் ஒருவன் கூவினால் பிள்ளைகள் சிரிக்காமல் என்ன செய்யும்? நானும் படியிறங்காமல்தான் நின்றேன். பிளேக் கண்ட ஊர் ஆள் அடுத்த ஊர் ஆளை நெருங்கக் கூடாது என்பது செத்தவரே வைத்த சட்டம். அவருக்காக அழுவதையும் அவர் சட்டப்படி எட்ட நின்றே அழுதேன்.

நோய்க்காக ஊரைவிட்டு வெளியே போட்ட கொட்டாயில் கருமாதி செய்கிற வழக்கம் நமக்கு இல்லை. ஆகவே நோய் அடங்கி, ஊர் திரும்பி, பிரித்த கூரையை மறுபடி போட்டு, மாரியம்மன் கோயிலில் விளக்கு வைத்த பிறகு, நாளைக்குச் செய்கிறோம். "நாலு நல்ல வார்த்தை எழுதியாந்து படிங்க வாத்தியாரே" என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறீர்கள். எழுதுகிறேன். வார்த்தை நல்லதாக இருக்குமா என்பதற்கு நான் பொறுப்பில்லை. நான் அவருக்குப் பங்காளி. எங்கள் இருவருக்கும் பாட்டன் ஒருவர், வரப்பு ஒன்று. அந்த மனிதரை எனக்குப் பிடித்ததே இல்லை. பிடித்தது என்று எழுதினால் அவரே எழுந்து வந்து, "படிச்சவன் வாயில எதுவும் ரெண்டு பக்கமும் திரும்பும்" என்பார். என்னைப் பார்க்கும் போதெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவரைத் தெரியாத சின்னப் பிள்ளைகளும் நாளை உட்கார்ந்திருப்பார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன். மாதையண்ணன் குள்ளம். குரல் கரகரப்பு. கல்யாண வீட்டிலும் இழவு வீட்டிலும் ஒரே முகத்தோடு வந்து ஒரே முகத்தோடு போவார். ஊர்க்கவுண்டர் பட்டம் அவருடையதல்ல. அது வேறு வீட்டுப் பரம்பரை. அவருக்கு இருந்ததெல்லாம் கொஞ்சம் ராகிக் கொல்லை, ஒரு கிணறு, காவேரி அண்ணி, பச்சையம்மாள் என்ற ஒரே பெண். நாலு பேர் கூடிப் பேசும் இடத்தில் அவர் வந்து நின்றால் பேச்சு நின்றுவிடும். பயத்தால் அல்ல, இந்த ஆள் இருக்கும்போது வாய்க்கு வந்தபடி அளக்க முடியாதே என்ற எரிச்சலால்.

ஒரு முறை என் மாடு அவிழ்த்துக்கொண்டு போய் அவர் கொல்லையில் இரண்டு வாய் ராகிப் பயிரைக் கடித்துவிட்டது. பங்காளியாயிற்றே, வந்து நாலு வார்த்தை திட்டுவார் என்று பார்த்தேன். மனிதர் ஒரு வார்த்தை பேசவில்லை. மாட்டைப் பிடித்து, பயிர் மேய்ந்த மாடுகளை அடைக்கும் இண்டூர் பட்டியில் கொண்டுபோய் அடைத்துவிட்டார். அபராதம் கட்டி மீட்டு வந்தேன். ஊரெல்லாம் போய், ரத்த பாசம் இல்லாத ஜென்மம் என்று ஏசினேன். அந்த மாதமே அவருடைய மாடு ஒரு கைம்பெண்ணின் அவரைச் செடியை மேய்ந்தது. அந்த அம்மாள் பார்க்கவில்லை, யாருமே பார்க்கவில்லை. இவர் பார்த்தார். தன் மாட்டைத் தானே ஓட்டிக்கொண்டு போய் அதே பட்டியில் அடைத்து, தானே அபராதம் கட்டி, தானே திரும்ப ஓட்டி வந்தார். சந்தை நாள் வேறு. இண்டூரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நானும் சிரித்தேன். "என்னண்ணா, உம்ம மாட்டுக்கும் உமக்கும் வழக்கா?" என்று கேட்டேன். "எனக்கொண்ணு ஊருக்கொண்ணுன்னா அதுக்குப் பேரு சட்டமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். சரியான கிறுக்கு என்று அன்றைக்கு முடிவு கட்டினோம்.

யுத்தத்துக்குச் சில வருஷம் முந்தி நம்மூரில் முதல் தடவை எலி விழுந்தது. அடுப்பு மூலையில் ஒன்று, தானியத் தொம்பைக்குப் பின்னால் ஒன்று என்று வீட்டுக்கு வீடு செத்துக் கிடந்தது. எலி விழுந்தால் ஊரைக் காலி செய்துவிட்டு வெளியே கொல்லைக்காட்டில் கொட்டாய் போட்டுக்கொள்ள வேண்டும் என்று கைக்குழந்தைக்கும் தெரியும். ஆனால் யார் முதலில் கிளம்புவது? சாமான், தானியம், கோழி, குலதெய்வம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு எப்படிக் கிளம்புவது? முடிவு சொல்ல வேண்டிய ஊர்க்கவுண்டர் வீட்டுக்குப் போனோம். கதவு பூட்டியிருந்தது. தலையில் கட்டும் பட்டத்து உருமாலோடு, பெண்டு பிள்ளைகளோடு, வண்டி கட்டித் தர்மபுரிச் சம்பந்தி வீட்டுக்கு விடியும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய மகன்கள் நாளைக்கு இங்கே முன்வரிசையில்தான் உட்காருவீர்கள். முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள் தம்பிகளா, இன்னும் இருக்கிறது.

பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று நாங்கள் ஆளுக்கொரு பேச்சுப் பேசிக்கொண்டிருந்தபோது ஓடு உரசும் சத்தம் கேட்டது. மாதையண்ணன் தன் வீட்டுக் கூரைமேல் ஏறி உட்கார்ந்து ஓட்டைப் பிரித்துக் கீழே கொடுத்துக்கொண்டிருந்தார். நோய் கண்ட வீட்டுக் கூரையைப் பிரித்து வெயிலை உள்ளே விட வேண்டும் என்பது சர்க்கார் ஆட்கள் தமுக்கடித்துச் சொன்னதுதான். ஆனால் முழு ஓடாக இருக்கும்போது தன் வீட்டைத் தானே மொட்டையாக்க எவனுக்கு மனசு வரும்? காவேரி அண்ணி கீழே நின்று ஓட்டை வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தாள். மாதையண்ணன் யாரையும் கூப்பிடவில்லை, எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு ஒவ்வொருவராக வீட்டுக்குப் போனோம், கூரைமேல் ஏறினோம். அன்று மாலைக்குள் ஊரே தலை திறந்து கிடந்தது. மறுநாள் ஊரை ஓடைக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு, இந்தப் பக்கம் மேட்டுக்காட்டில் கொட்டாய் போட்டு எல்லாரும் இறங்கிவிட்டோம்.

அங்கேதான் அந்தச் சட்டத்தை வைத்தார். ஓடைக்கரையில் இரண்டு மூங்கில் நட்டு, வேப்பிலை செருகிய கயிறு கட்டினார். எந்தக் காரணத்துக்காகவும் ஊருக்குள் காலை வைத்தவர் கயிற்றுக்கு இந்தப் பக்கம் வரக் கூடாது. ஓடைக்கு அந்தப் பக்கம் தனியாக ஒரு கொட்டாய் போட்டிருந்தது. அங்கே அமாவாசை கழியும்வரை இருந்துவிட்டு, நோய் இல்லை என்று தெரிந்த பிறகுதான் வர வேண்டும். சோறும் தண்ணீரும் ஓடை நடுவில் உள்ள பாறையில் வைப்பார்கள். காலி வீடுகளைக் காவல் காக்கும் தலையாரியும் அந்தப் பக்கத்து ஆள்தான். பக்கத்து ஊர்களிலும் கயிறு கட்டினார்கள். ஆனால் மச்சானுக்கு ஒரு தடவை, மிராசுதாருக்கு ஒரு தடவை என்று அங்கங்கே கயிறு தூக்கிக்கொடுத்தார்கள். அந்த ஊர்களிலிருந்து தினமும் பாடை போனதை மேட்டுக்காட்டில் நின்று பார்த்தோம். நம்முடைய கொட்டாயில் ஒரு காய்ச்சல்கூட வரவில்லை.

அப்போதுதான் கட்டிக்கொடுத்திருந்த அவர் மகள் பச்சையம்மாள் வந்தாள். தலைப்பிரசவம், மாதம் நிறைந்திருந்தது. பிளேக் இருக்கிற ஊருக்கு யாராவது பிள்ளைத்தாய்ச்சியை அனுப்புவார்களா என்று கேட்பீர்கள். அவள் மாமியார் அனுப்பினாள். தலைச்சன் பிரசவம் தாய் வீட்டில்தான், அதில் மாற்றமில்லை என்று சொல்லி, கொழுந்தனோடு வண்டி ஏற்றிவிட்டாள். கொழுந்தன் ஓடைக்கு அப்பால் அவளை இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பி அடித்துக்கொண்டு போய்விட்டான். ஒரு கையில் துணி மூட்டை, ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, வேர்க்க வேர்க்கச் சிரித்துக்கொண்டே ஓடை மணலில் நடந்து வந்தாள். காவேரி அண்ணி "பச்சீ!" என்று ஓடினாள். கயிற்றுக்கு முன்னால் மாதையண்ணன் நின்றிருந்தார்.

"எந்த வழியா வந்த?" என்று கேட்டார்.

"ஊர் வழியாத்தாம்பா."

"ஊருக்குள்ள போனியா?"

நாங்கள் எல்லாரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், யார் போய்ப் பார்த்தது? நம் மருத்துவச்சி ராமக்கா, பாவம், கன்னடக்காரி, என் பக்கத்தில் நின்று "இல்ல அன்னு மகளே, இல்ல அன்னு" என்று, இல்லையென்று சொல்லிவிடும்படி தன் பாஷையில் முணுமுணுத்துத் தலையை ஆட்டிச் சாடையும் காட்டினாள். பச்சையம்மாள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அப்பன் முகத்தைப் பார்த்தாள்.

"போனேம்பா. மாமியா சொன்னாங்க, வூட்டு நிலைப்படிக்கு மஞ்சள் வைக்காம நேராக் கொட்டாயில எறங்கினா அது தாய் வூட்டுக்குப் போன கணக்கில்லையாம், பிள்ளைக்கு ஆகாதாம். நாதாங்கிய நீக்கிட்டு நிலைக்கும் சாமி மூலைக்கும் ஒரு பொட்டு வச்சுட்டு வந்துட்டேன். செத்த நேரந்தாம்பா."

கூரை இல்லாத வீடு, எலி செத்து நாறுகிற வீடு. அதன் நிலைப்படிக்கு மஞ்சள் வைத்துவிட்டு வந்திருக்கிறாள்! நம் ஜனங்களைத் தவிர வேறு யாருக்கு இந்தப் புத்தி வரும்? சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றோம்.

மாதையண்ணன் ஓடைக்கு அப்பால் கையைக் காட்டினார். பிறகு, "அந்தக் கொட்டாய்க்குப் போ ஆத்தா" என்றார். அந்த 'ஆத்தா'வைச் சொல்லும்போது மட்டும் குரல் உடைந்தது. "அமாவாசை கழியட்டும்."

சண்டை போட்டோம். ஊரே சண்டை போட்டது. நான்தான் முன்னால் நின்று, "பிள்ளைத்தாய்ச்சிய்யா அவ, மனுசனா நீ?" என்று கத்தினேன். "உன் பொண்டாட்டியா இருந்தாலும் இதத்தான் சொல்லுவேன்" என்றார். என் மனைவியும் அப்போது மாதம் நிறைந்திருந்தாள். அவள் உள்ளே பத்திரமாக இருந்ததால் எனக்கு வாய் நீளம். காவேரி அண்ணி தன் புடவை ஒன்றைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தாள். "நான் கூடப் போறேன்" என்றாள். "போ. போனா நீயும் திரும்ப முடியாது" என்றார். "திரும்பணும்னு இங்க யாரு கெஞ்சறா?" என்று சொல்லிவிட்டுக் கயிற்றுக்குக் கீழே குனிந்து போனாள். இந்த வார்த்தையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு பல வருஷம் அவள் அவரோடு பேசவில்லை.

சில நாளில் பச்சையம்மாளுக்கு வலி கண்டது. விடிந்ததிலிருந்து அலறல் ஓடையைத் தாண்டிக் கேட்டது. ராமக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு கயிற்றுக்கு வந்தாள். அதற்கும் குறுக்கே நின்றார் மனிதர். "நீ போனா திரும்ப முடியாது. இங்க ரெண்டு பேரு மாசமா இருக்காங்க. அவங்களுக்கு யாரு?" என்று கேட்டார். அந்த இரண்டு பேரில் ஒருத்தி என் மனைவி. அதுவரை கத்திக்கொண்டிருந்த என் வாய் அப்போது மூடிக்கொண்டது. ராமக்கா அவரைச் சாபமிட்டாள், மண்ணை வாரித் தூற்றினாள். பிறகு ஓடைக்கரையிலேயே உட்கார்ந்து அந்தப் பக்கம் இருந்த காவேரி அண்ணிக்குக் கத்திக் கத்திச் சொன்னாள். இப்படிப் படுக்க வை, இடுப்பைப் பிடி, எண்ணெய் தடவு, அழுத்தாதே. பிள்ளை குறுக்கே கிடந்தது. கையை விட்டுத் திருப்பத் தெரிந்தவள் இந்தப் பக்கம் நின்று கத்த, தெரியாதவள் அந்தப் பக்கம் நின்று செய்தாள். உச்சிப் பொழுதுக்கு அலறல் நின்றது. பிள்ளை அழும் சத்தத்துக்காகக் காத்திருந்தோம். அது வரவே இல்லை.

தலையாரிதான் குழி தோண்டினான். தாயையும் பிள்ளையையும் ஒரே குழியில் வைத்தார்கள். மாதையண்ணன் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தார். ஒரு பிடி மண்ணை எடுத்து ஓடைக்குக் குறுக்கே எறிந்தார். அது பாதி தூரம்கூடப் போகவில்லை. அமாவாசை கழிந்து காவேரி அண்ணி திரும்பி வந்தாள், அவளுக்கு ஒன்றும் இல்லை. பச்சையம்மாள் உடம்பிலும் நோய் இருந்ததற்கு ஒரு அடையாளமும் இல்லை, நெறி கட்டவில்லை, காய்ச்சல் இல்லை. அவளைப் பிளேக் கொல்லவில்லை. அவளை உள்ளே விட்டிருந்தால் யாருக்கும் எதுவும் ஆகியிருக்காது. ராமக்காவின் கையில் என் மகன் கொட்டாயிலேயே பிறந்தான். இப்போது எல்லைக்கல்மேல் ஏறி நின்று காற்றாடி விட்டுக்கொண்டிருக்கிறானே, அவன்தான்.

ஊர் திரும்பியதும் நாம் என்ன செய்தோம்? தர்மபுரியிலிருந்து ஊர்க்கவுண்டர் சம்பந்தி வீட்டுச் சாப்பாட்டில் கன்னம் உப்பித் திரும்பி வந்தார். மாரியம்மன் திருவிழாவில் அவருக்கே முதல் மரியாதை கொடுத்தோம். தட்டில் தேங்காய், தலையில் பரிவட்டம். மாதையண்ணன் கூட்டத்தில் கடைசியில் நின்று திருநீறு வாங்கினார். அவர் காதுபடவே, "பெத்த பொண்ணக் கொன்னவன்" என்று பெண்கள் பேசினார்கள். அவர் கயிறு கட்டியதால் உயிரோடிருந்த வாய்கள்தான் அவை. பிள்ளைத்தாய்ச்சிகள் அவர் எதிரே வருவதைத் தவிர்த்து வேறு சந்தில் திரும்பினார்கள். வீட்டிலோ காவேரி அண்ணி களி கிண்டிப் போடுவாள், தண்ணீர் வைப்பாள், துணி துவைப்பாள். வாயைத் திறக்க மாட்டாள். அவரிடம் சொல்ல வேண்டியதைப் பசுமாட்டிடம் சொல்வாள், அவர் கேட்டுக்கொள்வார்.

ஆனால் வாய்க்கால் தகராறு வந்தால் அந்த வீட்டுக்குத்தான் போனோம். யுத்த காலத்தில் மண்ணெண்ணெய்க்கும் சோளத்துக்கும் அடித்துக்கொண்டபோதும், யார் நின்று அளந்தால் ஒருவனும் வாய் பேச மாட்டான் என்று தேடி அவரைத்தான் நிறுத்தினோம். பின்னால் ஏசுவோம், முன்னால் கூப்பிடுவோம். அவர் வருவார். அளந்து முடித்துவிட்டுத் தன் பங்கைக் கடைசியில் வாங்கிக்கொண்டு, ஒருவரோடும் பேசாமல் போவார்.

ஒரு நாள் ஏரிக்கரையில் தனியாக மாட்டிக்கொண்டார், கேட்டுவிட்டேன். "அண்ணா, பச்சி விசயத்துல தப்புப் பண்ணிட்டோம்னு உமக்குத் தோணவே இல்லையா?"

"தெனமும் தோணுது" என்றார்.

"அப்படின்னா அடுத்த தடவ?" என்றேன்.

"அடுத்த தடவையும் கேப்பேன்" என்றார். "தோணுது தோணலங்கறது என் சொந்த விசயம் வாத்தியாரே. கயிறு ஊருக்குக் கட்டினது." சொல்லிவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு போனார். அவர் முதுகைப் பார்த்துக் கல்லெடுத்து எறியலாமா என்றிருந்தது எனக்கு.

வெள்ளைக்காரன் போன பிறகு, இப்போது, மறுபடியும் எலி விழுந்தது. நான் பாப்பாரப்பட்டிக்கு மாற்றலாகிக் குடும்பத்தோடு அங்கே இருந்தேன். இந்தத் தடவை ஊர்க்கவுண்டர் ஓடவில்லை, அவருக்கு வயதாகிவிட்டது. ஆனால் பறையனும் கவுண்டனும் ஒரே மேட்டில் கொட்டாய் போட்டுக் கிடக்கிற இடத்துக்கு நான் வர மாட்டேன் என்று சொல்லித் தன் வீட்டிலேயே கதவைச் சாத்திக்கொண்டார். மகன்கள் கொட்டாய்க்கு வந்துவிட்டார்கள். சில நாள் கழித்துத் தலையாரி ஓடைக்கு அந்தப் பக்கம் நின்று, "பெரிய கவுண்டரு வூட்டுக்குள்ள கெடந்து தண்ணி தண்ணின்னு கத்தறாருங்க, யாராச்சும் வாங்க" என்று கூப்பிட்டான். மகன்களைப் பார்த்தார்கள் எல்லாரும். மகன்கள் தங்கள் கால் விரலைப் பார்த்தார்கள். மாதையண்ணன் சொம்பை எடுத்துக்கொண்டு கயிற்றைத் தாண்டினார். போய்த் தண்ணீர் கொடுத்தார். இரண்டு நாள் பக்கத்தில் இருந்து, கண் மூடிய பிறகு தலையாரியோடு சேர்ந்து புதைத்தார். தம்பிகளா, உங்கள் அப்பனுக்குக் கடைசித் தண்ணீர் ஊற்றியவர் இவர். உங்கள் அப்பன் திருவிழாவில் பரிவட்டம் கட்டிக்கொண்டபோது கடைசியில் நின்றவர்.

ஊர்க்கவுண்டரைப் புதைத்த அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. கொட்டாயில் இருந்த என் அம்மாவை எட்ட நின்று பார்க்க வந்திருந்தேன், அதனால் இதை நானே என் கண்ணால் பார்த்தேன். மாதையண்ணன் புதைத்துவிட்டு ஓடைக்கு வந்தார். தனிக் கொட்டாய்க்குத்தான் போகப் போகிறார் என்று நினைத்தோம். ஓடை நடுவில் பாறை அருகே நின்றுவிட்டார். தளர்ந்திருந்தார், உட்கார இடம் தேடுகிறவர் மாதிரி எங்களையே பார்த்தார். யாரோ ஒருவன், "வாங்க கவுண்டரே, உங்களுக்கு என்னங்க சட்டம்" என்றான். ஆமாம் ஆமாம் என்றார்கள். எட்ட நின்றுதானே தண்ணீர் கொடுத்திருப்பீர்கள் என்றார்கள். ஊர்க்கவுண்டர் மகன்களும் வாங்க என்றார்கள். நானும் தூரத்தில் நின்று, "வந்துருண்ணா, போதும் வந்துரு!" என்று கத்தினேன். மனதாரத்தான் கத்தினேன். அவர் எங்கள் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தார். அப்புறம் இன்னொரு அடி. மாதையண்ணன், அந்த மாதையண்ணன், கயிற்றைப் பார்த்து நடந்து வந்தார்.

காவேரி அண்ணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு கயிற்றுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"ஊருக்குள்ள போனீங்களா?" என்று கேட்டாள்.

பச்சையம்மாள் செத்த பிறகு அவரோடு அவள் பேசிய முதல் வார்த்தை அது. அவர் அவளையே பார்த்தார். முகம் எப்படி இருந்தது என்று எழுத எனக்கு வரவில்லை. வெகு நாள் கழித்துப் பெண்டாட்டி பேசிவிட்டாள் என்ற சந்தோஷம்கூட அதில் இருந்தது என்றால் நம்புவீர்களா?

"போனேன் காவேரி" என்றார்.

"அப்ப அந்தக் கொட்டாய்க்குப் போங்க."

திரும்பிப் போனார். இந்தத் தடவை காவேரி அண்ணி கயிற்றுக்குக் கீழே குனியவில்லை. தினமும் பாறையில் களியும் தண்ணீரும் வைத்துவிட்டு வந்தாள், நின்று பார்க்கவில்லை. கொஞ்ச நாளில் அவருக்குக் காய்ச்சல் வந்தது, அக்குளில் நெறி கட்டியது. தலையாரி சொன்னான். மூன்றாம் நாள் பொழுது முடிவதற்குள் போய்விட்டார். பச்சையம்மாளுக்குப் பக்கத்தில் புதைத்தார்கள்.

பழி தீர்த்துக்கொண்டாள் என்று ஊர் பேசுகிறது. நானும் அப்படித்தான் நினைத்து, ஊர் திரும்பிய அன்றே நேராகப் போய்க் கேட்டேன். "ஏன் அண்ணி அப்படிக் கேட்டீங்க? பழசை மனசுல வச்சுத்தானே?"

கூரைக்கு ஓடு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தாமலே பதில் சொன்னாள். "பச்சி பொய் சொல்லலை. அவ அப்பன் மட்டும் சொல்லலாமா?" அவ்வளவுதான். அதில் பழி எவ்வளவு, பாசம் எவ்வளவு என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை. அவளுக்கே தெரியுமோ என்னமோ.

இப்போது நாளைக்கு வருகிறேன். மாதையண்ணனுக்கு மகன் இல்லை. பங்காளி என்ற முறையில் கருமாதியில் உருமாலை என் தலையில் கட்டப் போகிறீர்கள். அத்தோடு, இனிமேல் ஊர்க் காரியத்துக்கு வாத்தியாரே முன்னால் நிற்கட்டும் என்றும் பேசி வைத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். படித்தவர், நல்ல சுபாவம், யாரையும் மனசு நோகச் சொல்ல மாட்டார் என்கிறீர்களாம். உண்மைதான். அன்றைக்குக் கயிற்றடியில் நான் நின்றிருந்தால் பச்சையம்மாளைக் கேள்வியே கேட்டிருக்க மாட்டேன். அவள் பிழைத்திருப்பாள், நீங்கள் என்னைக் கொண்டாடியிருப்பீர்கள். இந்தத் தடவையும் நான் கேட்கவில்லை, வா என்று கூப்பிட்டேன். என் பேச்சைக் கேட்டு அவர் வந்திருந்தால் என் அம்மாவும் உங்களில் பாதிப் பேரும் நாளைக்குச் சோறு சாப்பிட இங்கே உட்கார்ந்திருக்க மாட்டீர்கள். ஒரே நல்ல சுபாவம்தான், ஒரு தடவை காப்பாற்றியிருக்கும், ஒரு தடவை கொன்றிருக்கும். எப்போது எது என்று எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரிந்திருக்காது. தெரியாததால்தான் அவர் ஆளைப் பார்க்காமல் கேட்டார்.

அந்த மனிதரை எனக்கு இப்போதும் பிடிக்கவில்லை. எழுதும்போது இரண்டு இடத்தில் அழுதேன், அது வேறு. அவருடைய உருமால் எனக்கு வேண்டாம், ராகிக் கொல்லையும் வேண்டாம், அண்ணி இருக்கும்வரை அவளே வைத்து ஆளட்டும். நான் வைத்துக்கொள்வது அவர் கேட்ட அந்த ஒரு கேள்வியைத்தான். தினமும் காலையில் வகுப்புக்குள் நுழையும் முன் என்னை நானே அதைக் கேட்டுப் பார்க்கிறேன், பாதி நாள் உண்மையான பதில் வருகிறது. அதை அண்ணிக்குக் கட்டுங்கள் என்றால், பெண்ணுக்கு உருமால் கட்டுகிற வழக்கம் இல்லை என்பீர்கள். கட்ட வேண்டாம், மடித்துக் கோயிலில் வையுங்கள். ஆனால் மறுபடி எலி விழும், விழாமல் இருக்காது. அப்போது கயிற்றருகே காவேரி அண்ணியை நிறுத்துங்கள். என்னை நிறுத்தாதீர்கள். நான் வா என்று சொல்லிவிடுவேன்.